மறுகரை தெரியாத தொட்டி

கோயமுத்தூர் குனியமுத்தூரில் அப்துல் வஹீது வீட்டுக் கூடத்துக்குக் கடல் வந்தது ஒரு புதன்கிழமை. அன்று உக்கடம் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் கிலோ அறுபது, மத்தி மீன் நூற்றி அறுபது, ஈரோட்டில் விரலி மஞ்சள் விலை சற்று இறக்கம். கடல் முதலில் நுரையாகத்தான் வந்தது. அதனால் அந்த வீட்டில் யாரும் அதைக் கடல் என்று நினைக்கவில்லை. சோப்பு என்று நினைத்தார்கள்.

வஹீது உக்கடத்தில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறார். மனைவி ஜாஹிதா, ஒரே மகன் இல்யாஸ், மருமகள் ஆஃப்ரின், ஆக வீட்டில் நாலு பேர். ஆஃப்ரின் காயல்பட்டினத்துப் பெண். இல்யாஸ் அந்த ஊருக்கு ஒரு சிநேகிதனின் கல்யாணத்துக்குப் போயிருந்தான். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கல்யாண வீட்டு மோட்டார் நின்றுபோனது. விருந்துக்கு வந்தவன் புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் அதை ஓடவைத்துவிட்டு வந்து மிச்சப் பிரியாணியைச் சாப்பிட்டான். அந்த வீட்டுப் பெரியவர் நூஹு தம்பிக்கு அது பிடித்துப்போனது. அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ஆனால் பேச்சு சுலபத்தில் முடியவில்லை. காயல்பட்டினத்தில் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடும் பெண்ணுக்குத்தான். கோயமுத்தூரிலோ ஒருவன் அப்படிப் போனால் வீட்டோடு மாப்பிள்ளை என்று டீக்கடை பெஞ்சு கூடச் சிரிக்கும். இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசி ஓர் இடைவழி கண்டார்கள். ஆஃப்ரின் ஒரு வருஷம் கோயமுத்தூரில் இருப்பாள். வருஷம் திரும்பும்போது நூஹு தம்பி நேரில் வந்து பார்ப்பார். மகள் முகம் தெளிவாக இருந்தால் அவள் இங்கேயே இருக்கட்டும். வாடியிருந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு மருமகனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வஹீது சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் கடைக்குக் கிளம்பினார்.

ஆஃப்ரினுக்குக் கோயமுத்தூரில் குறை என்று எதுவும் இல்லை. மாமியும் மருமகளும் சீரியலைத் திட்டிக்கொண்டே ஒன்று விடாமல் பார்த்தார்கள். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று அவளுக்குப் பிடித்திருந்தது, சிறுவாணித் தண்ணீர் பிடித்திருந்தது, இல்யாஸை ரொம்பவே பிடித்திருந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. பிறந்த நாளிலிருந்து அலைச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள். "உங்க ஊரு ரொம்ப அமைதியா ஈக்குது மாமி, அந்த அமைதி காதுக்குள்ள இரையுது" என்று ஒரு தரம் ஜாஹிதாவிடம் சொன்னாள், அதற்குமேல் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்த இடத்தில் பவுடர் போட்டுக்கொண்டாள். பவுடர் டப்பா சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்ததால் வீட்டுக்கு விஷயம் தெரிந்துபோனது. இல்யாஸ் செல்போனில் அலைச் சத்தம் வைத்துப் பார்த்தான். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுல ஒரே அலை திரும்பத் திரும்ப வருதே, கடல் ஒரு தடவ அடிச்ச அலைய மறுபடி அடிக்காது" என்றாள். உக்கடம் பெரியகுளத்துக்குக் கூட்டிப்போனான். புதுசாகப் போட்ட நடைபாதை, விளக்கு, சுண்டல் எல்லாம் இருந்தன. ஆஃப்ரின் சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே தண்ணீரைப் பார்த்தாள். "நல்லாத்தான் ஈக்குது. ஆனா மறுகரை தெரியுதே" என்றாள்.

அதன் பிறகுதான் கடல் மீன் தொட்டி யோசனை வந்தது. தொட்டிக் கடை வைத்திருக்கும் ரிஃபத், "சாதாரணத் தொட்டி வெச்சுப் பொழைங்க பாய், கடல் தொட்டிங்கறது கைக்கொழந்தை வளக்கற மாதிரி" என்று முதலில் தடுத்தான். இல்யாஸ் கேட்கவில்லை. கூடத்தில் டிவிக்கு எதிர்ச்சுவரை ஒட்டி, ஆள் படுக்கிற நீளத்தில் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. மணல், கல், மோட்டார், கூடவே ஸ்கிம்மர் என்று ஒரு கருவி. தண்ணீரில் இருக்கிற அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கிண்ணத்தில் தள்ளுவதுதான் அதன் வேலை. மொட்டை மாடியில் ஒரு நீல டிரம்மில் வடிகட்டிய தண்ணீரை ஊற்றி, பாக்கெட்டில் வந்த கடல் உப்பைக் கலக்கி, இல்யாஸ் தொட்டியைப் பாதி நிரப்பினான். ஒழுகவில்லை. மிச்சப் பாதியைப் புதன்கிழமை நிரப்பலாம் என்று இன்னொரு டிரம் கலக்கி வைத்தான். புதன்கிழமை பார்த்து வீட்டோடு பொள்ளாச்சிக்கு ஒரு வலீமா கல்யாண விருந்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அங்கே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்து, அடுத்த வீட்டுக் காளியாத்தாளுக்குப் போன் போட்டான்.

காளியாத்தாள் கோபிசெட்டிபாளையத்துக்காரர். மகன் அருள்குமாரோடு வந்து இந்தச் சந்தில் குடியிருக்கிறார். வஹீது வீட்டுச் சாவி எப்போதும் ஒன்று அவர் இடுப்பில் இருக்கும். "பெரியம்மா, தொட்டி பாதியில நிக்குது, உப்புத் தண்ணிய ஊத்தி ரொப்பிப்போடுங்க" என்றான் இல்யாஸ். "அதுக்கென்ன கண்ணு, இந்தா போறேன், நீ சோத்தைத் தின்னு" என்றார் அவர். போய் ரொப்பியும் போட்டார். சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து திரும்பியவர்கள் கதவைத் திறந்தபோது தொட்டியின் விளிம்பைத் தாண்டி நுரை வழிந்து, தரையெல்லாம் பரவி, பிரிட்ஜின் கால் வரைக்கும் வந்து நின்றிருந்தது. நல்ல கெட்டி நுரை. வெள்ளைவெளேரென்று, இட்லி மாவு பொங்கின மாதிரி.

வருஷம் திரும்புகிறது என்று ஞாயிற்றுக்கிழமை நூஹு தம்பி வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இந்த நுரையை ஒழிக்க வேண்டும். மகளுக்காக வாங்கின கடலை ஒழுங்காகப் பராமரிக்கத் தெரியாத வீட்டில் மகளை எப்படி விட்டுவைப்பார்? ரிஃபத்தைப் போனில் பிடித்தார்கள். சோப்புப் பட்டிருக்கும் என்றான். உடனே இல்யாஸ் அம்மாவைப் பார்த்தான். "ஏன்டா என்னையப் பாக்கற? வெறுந் துணியிலதான் தொடச்சேன். இருவத்தஞ்சு வருசமா உன்ற அத்தா டிபன் டப்பாவக் களுவறேன், ஒரு நாள் சோறு நொரச்சிருக்கா?" என்றார் ஜாஹிதா. அப்புறம் காளியாத்தாளை விசாரித்தார்கள். அவர் தலைக்கு அரப்புத் தேய்த்துக் குளிக்கிறவர், அந்தக் கையோடு தொட்டியைத் தொட்டால் நுரைக்காமல் என்ன செய்யும்? "அரப்பு வெள்ளிக்கெழமதானுங்க" என்றார் காளியாத்தாள். "அதுவுமில்லாம நொரச்சா என்னங்க இப்ப? பால் பொங்கோணும்னுதான அடுப்பே பத்த வெக்கறோம்? புதுத் தொட்டி, பொங்கட்டும் உடுங்க."

ரிஃபத் அடுத்த காரணம் சொன்னான். ஸ்கிம்மர் புதுசு, புது ஸ்கிம்மர் இடத்துக்குப் பழகுகிற வரைக்கும் கண்டபடி நுரையைக் கக்கும், கொஞ்ச நாள் விட்டுப்பிடிக்க வேண்டும். "புது மருமவளாட்டம்னு சொல்லு" என்றார் ஜாஹிதா. "நான் எங்க மாமி கக்குனேன்?" என்றாள் ஆஃப்ரின். "நீ முழுங்கறயே, அதுதான் எனக்குக் கவலை" என்றார் மாமியார். ஸ்கிம்மரின் வயரைப் பிடுங்கினார்கள். நுரை வந்தது. வஹீது தன் பங்குக்கு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாய் இணைப்புகளைத் தடவிப் பார்த்தார். எங்கேயோ காற்று இழுக்கிறது, அதுதான் குமிழி என்று தீர்ப்புச் சொல்லி, எல்லா இணைப்புக்கும் வெள்ளை டேப் சுற்றினார். நுரை வந்தது. கடைசியில் மெயின் சுவிட்சையே அணைத்தார்கள். வீட்டில் மின்விசிறி நின்றது, பிரிட்ஜ் நின்றது, டிவி நின்றது. நுரை வந்தது. வருவதும் ஒரு கணக்கில்லை. காலைப் பலகாரத்தின்போது தொட்டி குளம் மாதிரிச் சாதுவாக இருக்கும்; தாளிப்புச் சத்தம் கேட்கிற நேரத்தில் விளிம்பைத் தாண்டும். அடுத்த நாள் அதே நேரத்துக்குக் காத்திருந்தால் கொஞ்சம் பிந்தி வரும். நுரையை வெயிலில் வைத்துப் பார்த்தான் இல்யாஸ், சோப்பு நுரை மாதிரிக் கலர் காட்டவில்லை. உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தால் கடைசியில் ஒரு மணல் மிஞ்சியது. அந்த மணல் அவன் வாங்கிப்போட்ட மணலின் நிறம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, பக்கெட்டைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போன இல்யாஸ் நீல டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தான். டிரம் நிறைய இருந்தது. அவன் கலக்கி வைத்தது வைத்தபடி, ஒரு சொம்பு குறையாமல். மேலேயிருந்தே கத்தினான். "பெரியம்மா! தொட்டிக்கு எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" காளியாத்தாள் கீழே முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். "நீதான கண்ணு சொன்ன, உப்புத் தண்ணி ஊத்தச் சொல்லி? உப்புத் தண்ணிக் கொழாய்ல டியூப்ப மாட்டி ரொப்பிப்போட்டேன். நல்ல தண்ணியா ஊத்துனேன்?" என்றார். பெரியம்மா மேல் தப்பே கிடையாது. கோயமுத்தூரில் எந்த வீட்டிலும் குழாய் இரண்டு. சிறுவாணி வருகிற குழாய் நல்ல தண்ணி. போர் என்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருகிற குழாய் உப்புத் தண்ணி. வாளியில் வெள்ளை படியும், பருப்பு வேகாது, அவ்வளவுதான். அதற்கும் கடலுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஆனால் பிறந்ததிலிருந்து அதற்கு அதுதான் பேர். ஆஃப்ரினைத் தவிர இந்தச் சந்தில் யாரிடம் உப்புத் தண்ணி ஊற்று என்று சொல்லியிருந்தாலும் அந்தக் குழாயைத்தான் திறந்திருப்பார்கள்.

இல்யாஸ் இறங்கி வந்து உப்பு அளக்கிற மானியைத் தொட்டியில் விட்டான். பாதி கடல் தண்ணீர், பாதி போர் தண்ணீர் என்றால் பாதி உப்புத்தானே காட்ட வேண்டும்? முழுக் கடல் காட்டியது. குழாயில் பிடித்து அளந்தான், வெறும் போர் தண்ணீர். குழாயிலிருந்து வரும்போது போர் தண்ணீராக வருகிறது, தொட்டிக்குள் விழுந்ததும் கடலாகிவிடுகிறது. வஹீது இரண்டு தரம் வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, முகம் சுளித்து, ஆமாம் என்றார். இதற்குக் காரணம் சொன்னது காளியாத்தாள்தான், அந்தக் காரணத்தையே சந்து முழுக்க இன்றைக்கும் சொல்கிறது. "ஏனுங்க, ஒரு மனுசன நாப்பது வருசம் கோவக்காரன் கோவக்காரன்னு கூப்புட்டுட்டே இருந்தா, ஒரு நாளைக்கு அவன் அடிக்காம என்ன பண்ணுவான்? அதும் எத்தன வருசத்துக்குத்தான் சும்மா பேருக்கு உப்புத் தண்ணியா இருக்கும்? பக்கத்துல நெசக் கடல் தண்ணி நிக்கறதப் பாத்துது, நாமளும் ஆயிருவோம்னு ஆயிப்போச்சு."

காரணம் தெரிந்ததில் வீட்டாருக்கு ஒரு நிம்மதி. ஆனால் நுரை நிற்கவில்லை. அன்றைக்கே வாசல்படி தாண்டியது. முழுக்க இறைத்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள், வேறு வழியில்லை என்றான் ரிஃபத். சனிக்கிழமை வஹீது கடையைப் பாதியில் அடைத்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த மோட்டாரைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. "இத வெச்சு பவானி கூடுதுறையவே எறைக்கலாம்" என்று ஆட்டோக்காரரிடமும் சொன்னார், காளியாத்தாளிடமும் சொன்னார். குழாயைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையைச் சாக்கடையில் போட்டுச் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் நன்றாக ஓடியது. தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனது. சாக்கடை நிறைந்து, சந்து நிறைந்து, அருள்குமாரின் பைக் மிதக்கட்டுமா வேண்டாமா என்று யோசித்தது. தொட்டியில் ஒரு விரல் குறையவில்லை. "அத்தா, கடல எறைக்கறீங்க" என்றான் இல்யாஸ். "தெரியுதுடா. இருந்தாலும் மோட்டாரு எப்படி இழுக்குது பாத்தியா?" என்றார் வஹீது.

அப்போதுதான் ஜாஹிதா கூடத்திலிருந்து வெளியே வந்து, வாயில் விரலை வைத்து, மோட்டாரை அணைக்கச் சொல்லி ஜாடை காட்டினார். யாருக்கும் புரியவில்லை. அவரே போய் அணைத்தார். அணைத்ததும்தான் மற்றவர்களுக்குக் கேட்டது. கூடத்துக்குள் தொட்டி மெதுவாக, இழுத்து இழுத்து, மூச்சு விடுகிற மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ஒரு இரைச்சல் போல இன்னொன்று இல்லை. சோபாவில் ஆஃப்ரின் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில், அவ்வளவு பெரிய மோட்டார்ச் சத்தத்தில், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கீழே தொங்கின கையை நுரை வந்து நனைப்பது கூடத் தெரியாமல் தூங்கினாள். "வியாழக்கெழமையில இருந்து இந்த நேரம் இப்படித்தான். நீங்க மூணு பேரும் நொரையப் பாத்துட்டு இருந்தீங்க, புள்ளைய யாரு பாத்தீங்க?" என்றார் ஜாஹிதா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனாலும் அதட்டல் குறையவில்லை. "இனி எவனாச்சும் இந்த நொரைய நிறுத்தறேன்னு வந்தா அவனுக்கு இந்த ஊட்ல சோறு இல்ல." வஹீது மோட்டாரைக் கழற்றி ஓரமாக வைத்தார். இல்யாஸ் வயரைச் சுருட்டினான். காளியாத்தாள், "நான் அப்பவே சொன்னனுங்களே, பொங்கட்டும் உடுங்கன்னு" என்று சொல்லிவிட்டுக் கீரையை அள்ளிக்கொண்டு போனார்.

ஆஃப்ரின் எழுந்ததும் நடந்ததைச் சொன்னார்கள். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து தொட்டியின் முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். இவர்கள் எல்லோரும் நுரை என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அவளும் இத்தனை நாள் நுரை என்றே நினைத்துவிட்டாள். "மாமா, இது நுரை இல்ல, ஓதம்" என்றாள். கடல் நாளுக்கு இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் இறங்கும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தும், பௌர்ணமியை ஒட்டி ரொம்ப ஏறும். இனி பிற்பகல் அசர் தொழுகை முடிகிற நேரத்துக்கு இறங்கிவிடும் என்றாள். அந்த நேரத்துக்கு இறங்கியது. தரையில் சின்னச் சிப்பி ஒன்று கிடந்தது. "அப்ப நாளைக்கு உன்ற வாப்பா வாரப்ப?" என்று வஹீது கேட்டார். ஆஃப்ரின் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "அவ்வோ வாற நேரம்தான் நல்லா ஏறி ஈக்கும்" என்றாள். "வாப்பாகூடக் காக்காவும் வாராஹ." அண்ணனைக் காயலில் காக்கா என்று சொல்வார்கள் என்பது மதில் அந்தப் பக்கம் நின்ற காளியாத்தாளுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் மதில் மேல் ஒரு பிடி சோறு வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நூஹு தம்பியும் மகனும் வந்து இறங்கியபோது ஆஃப்ரின் சொன்னபடியே வாசல்படி வரை நுரை இருந்தது. இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒரு அலை வந்து நாலு செருப்பையும் எடுத்துக்கொண்டு போய்க் காளியாத்தாள் வீட்டுத் துளசிமாடத்தருகே விட்டது. வஹீது தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிக்கோணும் சம்பந்தி, கொஞ்சம் தண்ணித் தொந்தரவு" என்றார். சமையலறை வாசலில் நின்ற ஜாஹிதா, "கப்பல் கட்டுன நூஹு நபி பேர வெச்ச மனுசனுக்கு வெள்ளம் புதுசா என்ன?" என்று மெதுவாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நூஹு தம்பி சிரிக்கவில்லை. நேரே தொட்டியிடம் போனார். குனிந்து மோந்து பார்த்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். இல்யாஸ் சுவரோடு சுவராக நின்றான். நூஹு தம்பி நிமிர்ந்து, "இது நம்ம கடல் இல்ல" என்றார்.

"நம்ம கடலுக்கு இந்த வாசம் கெடையாது. தூத்துக்குடியும் இல்ல, கொழும்புப் பக்கமும் இல்ல. நான் பாக்காத கடலு" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி வழியாக அந்தப் பக்கம் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், சுவரில் மோட்டார் கம்பெனி காலண்டர் தொங்க வேண்டும். அவர் கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். மகனையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆஃப்ரினின் காக்கா நல்ல பார்வைக்காரர், தூரத்தில் வருகிற படகை யாருடையது என்று சொல்லக்கூடியவர். அவரும் பார்த்துவிட்டு, "மறுகரை தெரியலயே வாப்பா" என்றார். நூஹு தம்பி மகளைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அவள் பவுடர் போடவில்லை. "தூங்குறியா மவளே?" என்று கேட்டார். "தூங்குறேன் வாப்பா" என்றாள் ஆஃப்ரின். இல்யாஸ் வாயைத் திறந்து, "நேத்து மூணு மணியில இருந்து..." என்று ஆரம்பிக்க, ஜாஹிதா ஒரு பார்வை பார்த்தார், நிறுத்திக்கொண்டான்.

நூஹு தம்பி சோபாவில் உட்கார்ந்தார். தேத்தண்ணீர் வந்தது. அதைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்துவிட்டு வஹீதைப் பார்த்துச் சொன்னார். "எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பொண்ணு இருக்குற வூட்டத் தேடித்தான் மாப்பிள்ளை வரணும். பொண்ணு யாரையும் தேடிப் போவக் கூடாது. என் மவ கடலத் தேடி வந்துருவாண்டு நெனச்சேன். கடலு அவளத் தேடி வந்துட்டு. எங்கேயோ கெடந்த கடல், மலையெல்லாம் தாண்டி. வழக்கப்படி வந்தவனத் திருப்பி அனுப்ப முடியாது, பொண்ணையும் எழுப்பிக் கூட்டிப் போவ முடியாது." கூடத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. வழக்கப்படிண்டா, இது பொண்ணு வூடா ஈக்கணும்." வஹீது மோட்டார் வியாபாரத்தில் கூட இவ்வளவு சீக்கிரம் பேரம் முடித்தவரில்லை. "அதுக்கென்னங்க சம்பந்தி, இன்னையில இருந்து இது ஆஃப்ரின் ஊடு. நாங்க மூணு பேரும் இங்க வந்து இருக்கறோம், அவ்வளவுதான?" என்றார். ஜாஹிதா உடனே முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு மருமகளுக்குப் பக்கத்தில் வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டார். "அப்ப நான் மாப்பிள்ள ஊட்டு ஆளு. விருந்தாளி. யாரு சோறாக்கறது?" என்றார். ஆஃப்ரின் எழுந்து சமையலறைக்குப் போனாள். போகிறவளைப் பிடித்து, "உக்காரு, உக்காரு, நீ ஆக்குனா உப்பு அள்ளிப்போடுவ, இருக்கற உப்பு போதும் இந்த ஊட்டுக்கு" என்று ஜாஹிதாவே எழுந்து போனார். காளியாத்தாள் நாலு செருப்பையும் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காக்காய்க்கு வைத்த சோறு அப்படியே இருக்கிறதே, வந்ததா இல்லையா என்று கேட்டார். காக்கா சோபாவிலிருந்து எழுந்து ஸலாம் சொன்னார்.

அதன் பின் வருஷங்கள் ஓடிவிட்டன. வெங்காயம் நூற்றிருபது வரை ஏறி இறங்கியது, மஞ்சள் ஏறி அப்படியே நின்றது, உக்கடத்தில் மேம்பாலம் திறந்தார்கள். இல்யாஸ் தொட்டிக்கு மீன் வாங்கவே இல்லை. வாங்கலாம் என்று ரிஃபத்திடம் சொல்லிவைத்திருந்த வாரத்தில் சாளை ஒரு கூட்டமாகத் தானே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஸ்கிம்மரை ரிஃபத் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டான். சந்தில் மற்ற வீடுகளில் இப்போது யாரும் உப்புத் தண்ணி என்று சொல்வதில்லை. போர் தண்ணி என்கிறார்கள், அதுவும் மரியாதையாக. பெயர் சொல்லிக் கூப்பிட்டு அருள்குமார் வீட்டு மாடித் தொட்டிக்கும் கடல் வந்துவிட்டால் தென்னைக்கு எதை ஊற்றுவது? மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். சாக்கடையில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது, எங்களுக்கென்ன என்று சொல்லிவிட்டு, கூடத்தில் காலை நனைத்துக்கொண்டு ஒரு டீ குடித்துப் போனார். காளியாத்தாள் கோபிக்குப் போனபோது உறவுக்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னார். யாரும் நம்பாமல் இல்லை. நண்டு கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். எப்போதாவது கிடைக்கிறது.

வஹீது கடைக்கு இன்னும் காலையில் கிளம்பும்போது மருமகள் முகத்தைப் பார்க்கிறார், இப்போது பழக்கதோஷம். பெரும்பாலும் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அதனால் அவள் மகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். பெண் குழந்தை. வீடு அடுத்து அவளுக்கு என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஆட்டோக்காரர்களிடம் ஆஃப்ரின் ஊடு என்று சொன்னால் போதும், எந்தச் சந்து என்று கேட்பதில்லை. நூஹு தம்பி வருஷத்துக்கு ஒரு தரம் வந்து கண்ணாடி முன் உட்கார்ந்து மறுகரை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். தெரியவில்லை. போன வாரம் அசருக்குக் கொஞ்சம் முன்னால், சுவர் இருக்க வேண்டிய இடத்தில், ரொம்பத் தூரத்தில், ஒரு பாய்மரம் போல ஏதோ போனது. குழந்தை கையாட்டியது. "யாரு கண்ணு அது?" என்று கேட்டுக்கொண்டே வந்த ஜாஹிதா நேரத்தைப் பார்த்தார், வாசலுக்குப் போனார், விருந்தாளிகள் விட்டிருந்த செருப்புகளை எடுத்து மேல்படியில் வைத்தார்.